மேன்ஷன் வைஃபைக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள்: ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெல்ஸ்ரோடு மேனேஜர் | திங்கள், இரவு 9.40

வணக்கம். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனை 19 வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மாடி, 46 அறை. கம்ப்யூட்டர் விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடிக்கு ஒரு வைஃபை பெட்டி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். ரிசப்ஷனில் சாவி மாட்டும் பலகைக்கு மேலே எழுதி வைத்திருக்கிறோம். இரண்டு வாரமாக எந்தத் தளத்தைத் திறந்தாலும் பஸ் படத்தைத் தொடு, சிக்னல் படத்தைத் தொடு என்று கேட்கிறது. ஒரு பையனுக்கு வங்கித் தளம் உள்ளேயே விடவில்லை. வெள்ளிக்கிழமை இணைப்பு கொடுத்த கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உங்கள் இணைப்பிலிருந்து வெளியே பல கணினிகளின் 23-ஆம் போர்ட்டைத் தட்டுகிறார்கள், ஒரு வாரத்தில் நிறுத்தாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்கிறார்கள்.

ஓனருடைய மருமகன் தன் ஃபோனில் ஏதோ ஆப் போட்டுப் பார்த்தார். 93 கருவிகள், அதில் 11-க்குப் பெயரே இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு பையன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ராத்திரி ஒரு மணிக்குக்கூட லேப்டாப்பில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன்தான், காலி பண்ணச் சொல் என்கிறார் ஓனர். பையன் வாடகை பாக்கி வைத்ததில்லை, சத்தம் போட்டதில்லை. உறுதியாகத் தெரியாமல் எப்படி அனுப்புவது?

ராயப்பேட்டை ஒயர் | திங்கள், இரவு 10.05

அண்ணே, நான் ஏரியா பிராட்பேண்ட் லைன் பார்ப்பவன். ரொம்ப யோசிக்காதீங்க. பாஸ்வேர்டை மாத்துங்க, எல்லார் ஃபோனோட மேக் முகவரியையும், அதான் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கிற அடையாள எண், வாங்கி ரவுட்டரில் ஏத்துங்க. பட்டியலில் இல்லாத கருவிக்கு நெட் கிடையாது. முடிஞ்சது கதை.

வேளச்சேரி வார்டன் | திங்கள், இரவு 10.31

கதை அங்கேதான் ஆரம்பிக்கும் சார். எங்கள் பெண்கள் விடுதியில் நான் அதைச் செய்து பட்டிருக்கிறேன். 118 பெண்களின் மேக் முகவரியை நோட்டில் எழுதி வாங்கி, ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒருத்தி புது ஃபோன் வாங்கினாள், இன்னொருத்தி ஃபோனை ரீசெட் செய்தாள், வாரக் கடைசியில் பாதிப் பேருக்கு நெட் இல்லை. காலை ஆறு மணிக்கே என் அறை வாசலில் வரிசை.

விஷயம் என்னவென்றால், 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்கின்றன. பின்தொடர்பவர்களிடமிருந்து நம்மைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. மறுபக்கம், உண்மையிலேயே கெட்ட எண்ணத்தோடு வருபவனுக்கு அடுத்த அறைக்காரரின் மேக் முகவரியைக் காற்றில் பிடித்துத் தன்னுடையதாகப் போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அப்பாவிகள்தான் வாசலில் நிற்பார்கள், திருடன் உள்ளே இருப்பான்.

ராயப்பேட்டை ஒயர் | திங்கள், இரவு 10.38

சரி மேடம், ஒத்துக்கறேன். நம்ம ஏரியாவில் எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

சிறுசேரி ஷிஃப்ட் | செவ்வாய், அதிகாலை 2.15

நைட் ஷிஃப்டில் இருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மேனேஜர் சார், முதலில் ஒன்று. பெயர் தெரியாத 11 கருவிகளைக் கண்டு பயப்படாதீர்கள். வார்டன் சொன்ன புனைபெயர்க்காரர்கள்தான் அதில் பெரும்பாலும். மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது ஃபோன் தானாக வைத்துக்கொண்ட முகவரி. வேறு எழுத்தாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்தது. முதல் ஆறு எழுத்தை வைத்துத் தயாரித்த கம்பெனியையே சொல்லிவிடலாம்.

அடுத்தது அந்த 23-ஆம் போர்ட். போர்ட் என்பது கணினிக்குள் போகும் எண் போட்ட வாசல். 23 என்பது டெல்நெட் என்ற, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் பழைய வாசல். பாஸ்வேர்ட் உட்பட எல்லாம் அதில் திறந்த போஸ்ட்கார்டு மாதிரிப் போகும். இன்று மேன்ஷனில் தங்கியிருக்கும் யாருக்கும் ஊர் உலகத்து டெல்நெட்டைத் தட்ட வேண்டிய வேலை கிடையாது. அதனால் கம்பெனியின் புகார் உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு.

ஆனால் எந்த அறை என்று அவர்களால் சொல்ல முடியாது. 46 அறைக்கும் வெளியே தெரிவது ஒரே ஐபி, அதாவது ஒரே இணைய விலாசம். தபால்காரருக்கு மேன்ஷன் விலாசம் தெரியும், அறை எண் தெரியாது. உங்கள் ரவுட்டருக்குத் தெரியும். எந்தக் கடிதம் எந்த அறையிலிருந்து போனது என்று குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால் பதிலைத் திருப்பிக் கொடுக்க அதனால் முடியாது. படத்தைத் தொடச் சொல்வதும், நீங்கள் சொன்ன இன்னொரு பையனை வங்கித் தளம் விடாததும் இதனால்தான். ஒரு கருவி செய்த வினைக்கு அந்த ஐபியே கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் அப்படிப் பட்டியல் பராமரிக்கின்றன, பலரும் அதைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறார்கள்.

வெளியே இருப்பவர்கள் தடுக்கும் விதமும் முரட்டுத்தனமானது. லினக்ஸ் சர்வர்களில் ஃபெயில்2பேன் என்ற கருவி இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை பாஸ்வேர்ட் தப்பானால் அந்த ஐபியைப் பத்து நிமிடம் வெளியே நிறுத்து என்பது அதன் இயல்பான அமைப்பு. ஐபிக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறாரா 70 பேர் இருக்கிறார்களா என்று அதற்குத் தெரியாது.

உள்ளே ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, தெரிந்த திருடனின் அடையாளத்தை வைத்துத் தேடுவது. 1998-ல் வந்த ஸ்நார்ட், அதற்குப் பின் வந்த சூரிகாட்டா போன்ற காவல் மென்பொருள்கள் எல்லாம் முக்கியமாக இப்படித்தான். இன்ன வரிசையில் இன்ன எழுத்து வந்தால் மணி அடி என்று ஆயிரக்கணக்கான விதிகள். புதுத் திருடன் வந்தால் பிடிபட மாட்டான். இன்னொன்று, வழக்கத்துக்கு மாறானதைக் கவனிப்பது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டோரதி டென்னிங் 1987-ல் எழுதிய கட்டுரையிலிருந்து அந்த வழி வளர்ந்தது. உங்கள் வாட்ச்மேன் செய்வது இதைத்தான். 31-ஆம் அறைக்காரர் தினமும் பத்தரைக்கு வருவார், இன்று இரண்டரைக்கு வேறு ஒருவரோடு வருகிறார் என்றால் ஏறிட்டுப் பார்ப்பார் இல்லையா?

இந்த இரண்டாவது வழியில்தான் உங்கள் ஓனர் மாட்டிக்கொண்டார். ஒரு கணக்கு போடுவோம். மேன்ஷனில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் இணைப்புகள் என்று வையுங்கள், அதில் 100 கெட்டவை. நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் கருவி உங்களிடம் இருக்கிறது. கெட்டதில் 99-ஐப் பிடித்துவிடும். நல்லதில் நூற்றுக்கு ஒன்றைத் தப்பாகப் பிடிக்கும், அதுவே பத்தாயிரம். மணி நூறு முறை அடித்தால் 99 முறை வீண். 99 சதவீதக் கருவிக்கே இந்தக் கதி. நள்ளிரவில் கறுப்புத் திரை என்பது எத்தனை சதவீதம்? எங்கள் ஆபீஸில் இப்போது எல்லோர் முன்னாலும் கறுப்புத் திரைதான்.

ரவுட்டர் எது என்று சொல்லுங்கள். பையனைத் தொடாதீர்கள்.

பாரிமுனை | செவ்வாய், காலை 8.20

வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பையன் இல்லாத நேரத்தில் மாஸ்டர் சாவி போட்டு லேப்டாப்பைத் திறந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. கட்டடம் ஓனருடையது, லேப்டாப் பையனுடையது.

அதே சமயம் இதை அலட்சியமாகவும் விடாதீர்கள். 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டுப் பூட்டாத வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்தான்.

வேளச்சேரி வார்டன் | செவ்வாய், காலை 9.02

சாவிப் பலகைக்கு மேலே பாஸ்வேர்ட் என்பதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. காலி செய்துவிட்டுப் போனவர்கள், பார்க்க வந்த நண்பர்கள், கீழே டீக்கடைப் பையன், எல்லோரிடமும் அது இருக்கும். இந்த நிலையில் உள்ளே, வெளியே என்று பிரிப்பதற்கே ஒன்றும் இல்லை.

சிறுசேரி ஷிஃப்ட் | செவ்வாய், காலை 9.30

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால், அது தெரிந்த ஒருவர் இன்னொருவரின் ஃபோன் வைஃபையில் சேரும் அந்த நொடிப் பேச்சைப் பிடித்துவிட்டால், அவருடைய வைஃபை மறைப்பைக் கழற்றிவிடலாம். வங்கித் தளத்துக்குத் தனிப் பூட்டு இருப்பதால் அது தப்பிக்கும். 2018-ல் வந்த டபிள்யூபிஏ3-ல் இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

ஏஆர்பி கதை இதைவிட மோசம். ஓர் ஐபிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள 1982-ல் எழுதிய நெறிமுறை அது. ‘இந்த ஐபி யாருடையது?’ என்று ஒரு கருவி சத்தமாகக் கேட்கும், யார் பதில் சொன்னாலும் நம்பும். கேட்காமலே சொன்னாலும் பெரும்பாலும் நம்பும். ‘நான்தான் ரவுட்டர்’ என்று 22-ஆம் அறையிலிருந்து ஒருவர் சொன்னால் எல்லோருடைய போக்குவரத்தும் அவர் வழியாகப் போகும். கண்டுபிடிப்பது சுலபம், ரவுட்டரின் ஐபிக்கு எதிரே வேறு மேக் முகவரி வந்து நிற்கும். நல்ல ஸ்விட்சுகள் யாருக்கு எந்த ஐபி கொடுக்கப்பட்டது என்ற பதிவேட்டோடு ஒப்பிட்டு, பொய்ப் பதிலை அங்கேயே தூக்கிப் போட்டுவிடும். மேன்ஷனில் அந்த விலைக்குப் போக வேண்டாம். வைஃபை பெட்டியில் கிளையன்ட் ஐசோலேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போட்டால் அந்தப் பெட்டியில் ஓர் அறை இன்னோர் அறையோடு நேரடியாகப் பேச முடியாது. செலவு பூஜ்யம்.

பெல்ஸ்ரோடு மேனேஜர் | செவ்வாய், மாலை 6.50

எல்லோருக்கும் நன்றி. ஓனரிடம் சனிக்கிழமை வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். ரவுட்டர் வெள்ளைப் பெட்டி, மைக்ரோடிக் என்று போட்டிருக்கிறது. ரிசப்ஷன் மேசைக்குக் கீழே இருக்கிறது.

ராயப்பேட்டை ஒயர் | செவ்வாய், இரவு 7.15

அண்ணே, மைக்ரோடிக்னா நம்ம கையில் அல்வா. ஃபயர்வால் பக்கத்தில், ரவுட்டர் வழியா கடந்து போறதைப் பார்க்கிற ஃபார்வர்ட் செயினில் ஒரு ரூல் போடுங்க. டிசிபி, போகுற போர்ட் 23, ஆக்‌ஷன் லாக். ரூலை மேலே இழுத்து முதலாவதா வைங்க. இப்போதைக்குத் தடுக்க வேண்டாம், பார்த்தால் போதும். லாக்கில் கடைசி 1000 வரிதான் நிற்கும், அதனால் ரூலுக்குப் பக்கத்தில் ஓடுற எண்ணிக்கையையும் பாருங்க. உள்ளே இருக்கிற ஐபி, மேக் ரெண்டும் லாக்கில் வரும்.

சிறுசேரி ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 7.40

2323-க்கும் தனியாக ஒரு ரூல் போடச் சொல்லுங்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

பெல்ஸ்ரோடு மேனேஜர் | வியாழன், பிற்பகல் 3.10

ஒரு விசித்திரம். செவ்வாய் இரவே ரூல் போட்டேன், ஃபோனில் ஒயர் தம்பி வழி சொன்னார். லாக் முழுக்க 192.168.88.37 என்ற ஒரே ஐபி. எந்த அறைக்கு அது போயிருக்கிறது என்று ரவுட்டரின் பட்டியலில் தேடினேன், அந்த எண் பட்டியலிலேயே இல்லை.

இன்று எங்கள் தெருவில் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பது முதல் இரண்டு வரை. ரிசப்ஷனுக்கு மட்டும் இன்வெர்ட்டர் உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தவன் பதினோரு மணிக்கு அந்த எண்ணிக்கையைப் பார்த்தேன். நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கிறது! மாடியில் மூன்று வைஃபை பெட்டியும் அணைந்து கிடக்கின்றன. அந்தப் பையன் காலையிலேயே கன்னிமாரா நூலகத்துக்குப் போய்விட்டான். அப்படியென்றால் தட்டுவது யார்?

சிறுசேரி ஷிஃப்ட் | வியாழன், பிற்பகல் 3.22

சார், கண்டுபிடித்துவிட்டீர்கள், உங்களுக்கே தெரியவில்லை. வைஃபை இல்லாதபோதும் தட்டுகிறதென்றால் அது ஒயரில் இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் உயிரோடு இருக்கிறதென்றால் உங்கள் இன்வெர்ட்டரில் இருக்கிறது. பட்டியலில் இல்லையென்றால் யாரோ கையால் ஐபி போட்டிருக்கிறார்கள். ரிசப்ஷனில் ரவுட்டரைத் தவிர இன்வெர்ட்டரில் என்ன ஓடுகிறது?

பெல்ஸ்ரோடு மேனேஜர் | வியாழன், பிற்பகல் 3.25

ஃபேன், ஒரு லைட், கேமரா பெட்டி.

ராயப்பேட்டை ஒயர் | வியாழன், பிற்பகல் 3.26

அடக் கடவுளே. டிவிஆர்!

சிறுசேரி ஷிஃப்ட் | வியாழன், பிற்பகல் 3.50

23, 2323 இரண்டு ரூலின் எண்ணிக்கையும் சொல்லுங்கள்.

பெல்ஸ்ரோடு மேனேஜர் | வியாழன், மாலை 4.05

முதலாவது 4,18,000 சொச்சம். இரண்டாவது 46,000 சொச்சம்.

சிறுசேரி ஷிஃப்ட் | வியாழன், மாலை 4.30

ஒன்பதுக்கு ஒன்று. மிராய் என்ற தீநிரலின் குடும்பம். 2016-ல் வெளிவந்த அந்த நிரல் தட்டும் பத்தில் ஒன்று 2323-க்கும் மற்றவை 23-க்கும் போகும்படி எழுதப்பட்டது. அதன் மூல நிரலை அதே வருடம் எழுதியவரே இணையத்தில் கொட்டிவிட்டார், இன்றுவரை அதன் பேரன் பேத்திகள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. அது அனுப்பும் முதல் பாக்கெட்டின் வரிசை எண், போய்ச்சேர வேண்டிய ஐபி முகவரியேதான். சாதாரணக் கணினி அப்படிச் செய்யாது. ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்துத்தான் உலகம் முழுக்க அதை எண்ணினார்கள்.

பெரிய தந்திரம் ஒன்றும் அதில் கிடையாது. தொழிற்சாலையில் போட்ட பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் 60-க்கு மேல் ஒரு பட்டியலாக உள்ளே இருக்கின்றன. கேமரா, டிவிஆர், பழைய ரவுட்டர் என்று வரிசையாகத் தட்டி, ஒவ்வொரு ஜோடியாகப் போட்டுப் பார்க்கும். திறந்தால் உள்ளே போய், அங்கிருந்து அடுத்த வீட்டைத் தட்டும். 2016 அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகளை வைத்து தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித்தரும் டைன் என்ற நிறுவனத்தை அடித்தபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் படுத்துவிட்டன.

உங்கள் டிவிஆர் பாஸ்வேர்ட் என்ன? இங்கே எழுத வேண்டாம், யாராவது மாற்றினார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

பெல்ஸ்ரோடு மேனேஜர் | வியாழன், மாலை 4.41

கேமரா போட்டவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதே சீட்டு இன்னும் பெட்டி மேலே ஒட்டியிருக்கிறது.

ராயப்பேட்டை ஒயர் | வியாழன், இரவு 8.55

டியூட்டி முடிச்சு நேரிலேயே போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஓனர் திண்டிவனத்திலிருந்து கேமரா பார்க்கணும்னு, போட்டவர் வெளியிலிருந்து வர்ற எல்லா போர்ட்டையும் டிவிஆருக்கே தள்ளி விட்டிருக்கார். மத்த ரவுட்டரில் இதை டிஎம்இசட்னு சொல்வாங்க. வாசல் கதவைக் கழட்டி வெச்சுட்டு உள்ளே பீரோவுக்குப் பூட்டு போட்ட மாதிரி. பீரோவுக்கும் பூட்டு இல்லை.

எடுத்த எடுப்பில் டிவிஆரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், எண்ணிக்கை நின்னுடுச்சு. மேனேஜர் அண்ணன் டீ சொல்லி, டீ வர்றதுக்குள்ள திரும்ப ஏற ஆரம்பிச்சது.

சிறுசேரி ஷிஃப்ட் | வியாழன், இரவு 9.20

அதன் குணமே அதுதான். அது இருப்பது தற்காலிக நினைவகத்தில். அணைத்தால் போய்விடும், ஆனால் கதவு திறந்திருந்தால் உலகத்தில் எங்கோ இருக்கும் இன்னொரு டிவிஆர் வந்து தட்டும். வரிசை முக்கியம். முதலில் அந்தத் தள்ளும் ரூலை எடுங்கள், கருவிகள் தாமே வாசல் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி இருந்தால் அதையும் அணையுங்கள், பிறகு டிவிஆரை அணைத்துப் போடுங்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதற்கப்புறம் 88.37 வெளியே போகும் எல்லாவற்றையும் தடுத்துவிடுங்கள். கேமரா பெட்டிக்கு ஊர் சுற்றும் வேலை இல்லை. முடிந்தால் அறைகள் ஒரு விஎல்ஏஎன், டிவிஆர் வேறு விஎல்ஏஎன் என்று தனித்தனி நெட்வொர்க்காகப் பிரியுங்கள். ஓனர் பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டரிலேயே வயர்கார்டு விபிஎன் என்ற பூட்டிய தனிப் பாதை போடலாம், ஏழாம் பதிப்பு மென்பொருளில் இருக்கிறது.

எனக்கு 1986 ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி நேரக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. அதைச் சரிபார்க்கச் சொன்னது கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியல்காரரிடம். அந்த 75 சென்ட்டைத் துரத்திக்கொண்டு போய் ஜெர்மனியில் ஹனோவரில் இருந்த ஊடுருவியைக் கண்டுபிடித்தார். மேனேஜர் சாருக்கு மின்தடை.

பாரிமுனை | வெள்ளி, காலை 7.50

பதிவு பற்றி ஒன்று. எந்த உள் ஐபி எந்த நேரத்தில் எந்த அறைக்கு இருந்தது என்பதை வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தத் தளம் பார்த்தார்கள் என்பதைச் சேகரிக்காதீர்கள். முன்னது கேட்டால் காட்ட உதவும். பின்னது உங்கள் மேசையில் இருந்தால் உங்களுக்கே தலைவலி. கருவியைச் சுத்தம் செய்ய உதவும் இலவச மென்பொருள்கள் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இருக்கின்றன, அறைக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

ஜன்னல் ஓரம் | வெள்ளி, இரவு 11.48

இந்த இழையைப் படிப்பதற்காகவே கணக்கு தொடங்கினேன். சாவிப் பலகை, பெல்ஸ் ரோடு, வியாழக்கிழமை மின்தடை என்று படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. மேனேஜர் சார், அந்தக் கறுப்புத் திரை நான்தான்.

நெட்வொர்க் சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கிறேன். பகலில் அண்ணா சாலையில் ஒரு கடையில் வேலை, இரவுதான் நேரம். திரையில் ஓடுவது என் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் பொம்மை ரவுட்டர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் இரண்டு மூன்று நாள் மாலையில் என் லேப்டாப்பின் ஆன்டிவைரஸ் ‘உங்கள் நெட்வொர்க்கில் யாரோ போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கிறார்கள்’ என்று எச்சரித்தது. டிவிஆர் உள்ளே யாரையும் தட்டவில்லை, வெளியேதான் தட்டியிருக்கிறது. உள்ளே தட்டியது ஒரு ஃபோன். ஓனரின் மருமகன் கருவிகளை எண்ண வந்த நாட்கள் அவை என்று இப்போதுதான் புரிகிறது. அந்த மாதிரி ஆப் 254 முகவரிகளையும் வரிசையாகத் தட்டும், ஊடுருவி செய்வதும் அதேதான். அப்போதே சொல்லியிருப்பேன். புதிதாக வந்தவன், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

வேளச்சேரி வார்டன் | சனி, காலை 6.30

மருமகனுக்குக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுங்கள் மேனேஜர் சார்.

பெல்ஸ்ரோடு மேனேஜர் | சனி, காலை 10.15

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. உங்கள் மேல் சந்தேகத்தை ஊர் பார்க்க எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். நேற்றுப் படிக்கட்டில் பார்த்தபோது சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டேன், அதற்கு மேல் வாய் வரவில்லை.

ஒயர் தம்பி நேற்று வந்து எல்லாம் செய்து கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றார், காளத்தி கடை ரோஸ் மில்க்கோடு அனுப்பினேன். எண்ணிக்கை நேற்று மாலையிலிருந்து அப்படியே நிற்கிறது. புகாரை மூடிவிட்டதாகக் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. படம் தொடச் சொல்வது குறைந்திருக்கிறது, ஆனால் முதலில் சொன்ன இன்னொரு பையனை வங்கித் தளம் இன்னும் விடவில்லை. பட்டியலிலிருந்து பெயர் எடுக்க எங்கே எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள். மாடிக்கு மாடி வேறு பாஸ்வேர்ட் வைக்கலாமா, அறைக்கு ஒன்றாகவே வைக்கலாமா என்று ஜன்னல் ஓரம் தம்பியிடமே கேட்கப் போகிறேன். சாவிப் பலகைக்கு மேலே பெயின்டில் எழுதியதை அழிக்கவும் ஆள் வேண்டும், எனக்குக் கை எட்டாது.

ஓனர் நான்காவது முறையாக ஃபோன் செய்கிறார். திண்டிவனத்தில் கேமரா தெரியவில்லையாம். அப்புறம் வருகிறேன்.